870 வெள்ளி, எட்டு மாதம்: படப்புத்தகங்களோடு நான் செய்த தவறுகள்

வீட்டுக்கல்வி தொடங்கிய முதல் எட்டு மாதத்தில் தமிழ்ப் படப்புத்தகங்களுக்கு மட்டும் எனக்கு ஆன செலவு 870 வெள்ளி. ‘முழுமையான வாசிப்புத் தொகுப்பு’ என்று ஒரு விற்பனையாளர் தலையில் கட்டிய 60 புத்தகங்கள் 540 வெள்ளி. அவற்றோடு வந்த பேசும் பேனா 120. சொல்லட்டைகள் 65. லேமினேட் செய்யும் இயந்திரமும் உறைகளும் 95. ஊரிலிருந்து வரவழைத்த பார்சலுக்கு 50. எட்டு மாத முடிவில் ஐந்தரை வயது மகன் அட்டையைக் காட்டினால் எழுத்தைச் சொல்வான், புத்தகத்தைத் திறந்தால் “அம்மா, நீயே படி” என்று சோபாவிலிருந்து வழுக்கிக் கீழே போய்விடுவான். எனக்கு அவன்மேல்தான் கோபம் வந்தது. பணம் போனதைவிட அந்தக் கோபம்தான் இன்றும் உறுத்துகிறது, ஏனென்றால் தவறு முழுக்க என்னுடையது. யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் இதில் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

அவசரப்பட்டு வாங்கியதற்குப் பயம்தான் காரணம். கட்டாயக் கல்விச் சட்டம் இங்கே சிங்கப்பூரில் 2000இல் இயற்றப்பட்டு 2003 முதல் நடப்பில் இருக்கிறது. குடிமகனான பிள்ளையைத் தொடக்கப்பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிப்பிக்க வேண்டுமென்றால் கல்வி அமைச்சிடம் விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், என்ன பாடம் எப்படி நடத்தப்போகிறோம் என்று எழுதித் தர வேண்டும். பிறகு பிள்ளை தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதி, அந்த ஆண்டு நான்கு பாடங்களையும் வழக்கமான நிலையில் எழுதியவர்களின் வரிசையில் 33வது நூற்றுமானத்தைத் தொட வேண்டும். கீழிருந்து எண்ணினால் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளைத் தாண்டி நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம், கணக்கு, அறிவியலுக்கு எங்கே திரும்பினாலும் புத்தகம் கிடைக்கிறது, தமிழுக்கு என்ன செய்வது என்ற பதற்றத்தில் இருக்கும்போதுதான் ‘எல்லாம் ஒரே பெட்டியில்’ என்கிற விளம்பரம் கண்ணில் படும். பதற்றத்தோடு இருக்கிற வாரத்தில் எதையும் வாங்காதீர்கள்.

அந்த 60 புத்தகங்களில் கோளாறு இரண்டு வகை. பாதிப் புத்தகங்களில் சிவப்புப் பந்து படத்துக்குக் கீழே “இது சிவப்புப் பந்து” என்றிருக்கும். படம் சொல்வதையே எழுத்தும் சொன்னால் பிள்ளைக்குப் பேச என்ன இருக்கிறது? மீதிப் பாதி வேறொரு மொழியிலிருந்து அப்படியே பெயர்த்தது, வாக்கியத்துக்குப் பதினைந்து சொல். நல்ல படப்புத்தகத்தில் படமும் எழுத்தும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். “மீனா சந்தையிலிருந்து திரும்பி வந்தாள்” என்று எழுத்து சொல்லும். அவள் பைக்குப் பின்னால் ஒரு பூனை மீனை உருவிக்கொண்டிருப்பதைப் படம் சொல்லும். மீனாவுக்குத் தெரியாதது பிள்ளைக்குத் தெரியும், அதனால் கத்துவான். அந்தக் கத்தல்தான் நமக்கு வேண்டியது. கடையில் நின்றபடியே சோதித்துவிடலாம். கையால் எழுத்தை மறைத்துவிட்டு நான்கு பக்கம் புரட்டுங்கள், ஏதோ நடக்கிறது என்று புரிய வேண்டும். பிறகு படத்தை மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் படியுங்கள், ஏதோ குறைகிறது என்று தோன்ற வேண்டும். இரண்டும் நடந்தால் வாங்கலாம். குறைந்த குரலில் ஒரு பக்கத்தை வாய்விட்டும் படித்துப் பாருங்கள். நம் நாக்கே தடுக்கினால் அது மொழிபெயர்ப்பின் கோளாறு, பிள்ளைக்கு அது கல்லும் முள்ளும்தான்.

தமிழ்ப் புத்தகத்துக்கென்று இன்னும் சில சோதனைகள் உண்டு, ஆங்கிலப் புத்தகம் வாங்கிப் பழகியவர்களுக்கு இவை தோன்றாது. ஆங்கிலத்தில் பக்கத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணினால் போதும். தமிழில் சொற்கள் ஒட்டிக்கொள்ளும். ‘போய்க்கொண்டிருந்தபோது’ என்பது ஒரே சொல், ஆனால் பதினோரு எழுத்து. அதனால் சொல்லை எண்ணாமல் எழுத்தை எண்ணுங்கள். ஒரு பக்கத்தில் ஆறு எழுத்தைத் தாண்டும் சொல் இரண்டுக்கு மேல் இருந்தால் அது நாம் வாசித்துக் காட்டும் புத்தகம், பிள்ளை தானாக வாசிக்கும் புத்தகம் அல்ல. இரண்டும் வேண்டும், ஆனால் ஒன்றை இன்னொன்றாக நினைத்து நீட்டக்கூடாது. வரி முடிவில் சொல்லை உடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ‘வந்துகொண்’ என்று ஒரு வரியும் ‘டிருந்தான்’ என்று அடுத்த வரியும் இருந்தால் பிள்ளை அதை இரண்டு சொல்லாகப் படித்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பான். எழுத்தின் உயரம் ஐந்தாறு மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். அலங்கார எழுத்துருவும் ஒரு வில்லங்கம். ‘ர’வின் கால் சரியாகத் தெரியாமல் அது துணைக்கால்போல நிற்கும், ‘கரம்’ எது, ‘காம்’ எது என்று பெரியவர்களே தடுமாறுவோம்.

பேசும் பேனாவைப் பற்றி இரண்டே வரி. அது அதற்கென்று நுண்ணிய புள்ளிக்குறி அச்சிட்ட பக்கத்தில் மட்டுமே பேசும், வேறு எந்தப் புத்தகத்திலும் ஊமை. பிள்ளையின் கண் எழுத்தின் மேல் நகராது, எந்த இடத்தில் குத்தினால் என்ன சத்தம் வரும் என்ற விளையாட்டாகிவிடும்.

சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா போன்ற பதிப்பகங்கள் இருமொழிப் புத்தகங்கள் போடுகின்றன. தாய் தந்தையரில் ஒருவருக்குத் தமிழ் வாசிக்கச் சிரமம் என்றால் இவை நல்ல துணை. ஆனால் இங்கே வளரும் பிள்ளைக்குக் கண் முதலில் ஆங்கிலத்துக்குத்தான் ஓடும். ஆங்கில வரியை மறைக்கும் அளவுக்கு ஒரு காகிதப் பட்டையை வெட்டிப் பக்கத்தின் மேல் வைத்துக்கொண்டு வாசித்தால் போதும். ஒட்டுத்தாளை ஒட்டாதீர்கள். இரவல் புத்தகத்தில் ஒட்டி மறந்துவிட்டால் எடுக்கும்போது மசி உரிந்து வரும், பசை தங்கி அடுத்த பக்கத்தைப் பிடிக்கும். இலவசமாக வேண்டுமென்றால் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய இருக்கின்றன, நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். பெரும்பாலானவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால் எழுதியவர், வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு அச்செடுக்கலாம், வெட்டலாம், மாற்றலாம். பின்னால் சொல்லப்போகும் கைவேலைக்கு இதுதான் வசதி. கடையில் வாங்கிய புத்தகத்தை நகலெடுத்து வெட்டுவது முறையும் அல்ல, மனமும் வராது. இது தெரிந்திருந்தால் 540 வெள்ளியில் பெரும்பகுதி என் கையில் இருந்திருக்கும்.

இப்போது வாசிக்கும் முறை. நான் ஒரு நாளைக்கு மூன்று புத்தகம் என்று கணக்கு வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்துத் தள்ளினேன். முடித்ததும் “கதையில என்ன நடந்துச்சு?” என்று கேட்டால் பதில் வராது. வராதுதான். அவன் பேசவே இடம் கொடுக்கவில்லையே. அமெரிக்க உளவியலாளர் குரோவர் ஒயிட்ஹர்ஸ்ட்டும் அவர் குழுவினரும் 1988இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு, வாசிக்கும்போது திறந்த கேள்வி கேட்கவும் பிள்ளை சொன்னதை விரித்துச் சொல்லவும் பழக்கிவிட்டார்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் பேச்சு, வழக்கம்போல வாசித்துக் காட்டப்பட்ட பிள்ளைகளின் பேச்சைவிட முன்னேறியிருந்தது. புத்தகம் மாறவில்லை, யார் பேசுவது என்பதுதான் மாறியது.

வீட்டில் நாங்கள் இறுதியாக வந்து நின்ற முறை வாரத்துக்கு ஒரே புத்தகம், ஐந்து நாள், நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். முதல் நாள் எழுத்தைத் தொடுவதே இல்லை. அட்டையிலிருந்து தொடங்கி, அட்டைக்குள் ஒட்டியிருக்கும் தாளையும் விடாமல், படம் மட்டும் பார்க்கிறோம். நல்ல ஓவியர்கள் அந்த உள்தாளிலேயே கதைக்கான துப்பு ஒன்றை ஒளித்து வைத்திருப்பார்கள். இரண்டாம் நாள் நிறுத்தாமல், கேள்வி கேட்காமல், நாடகம்போல ஒரே மூச்சில் வாசிப்பு. இந்த நாளில் கேள்வி கேட்டால் கதையின் ஓட்டம் செத்துவிடும். மூன்றாம் நாள் கேள்வி நாள். நான்காம் நாள் புத்தகத்தை அவன் பிடிப்பான், படத்தைப் பார்த்து அவனே சொல்வான், நான் கேட்பேன். ஐந்தாம் நாள் கைவேலை. சனி ஞாயிறு புத்தகம் அவன் கையெட்டும் தட்டில், முதுகு தெரியாமல் அட்டை முகம் தெரியும்படி நிற்கும். அந்த இரண்டு நாளில் அவனாக எடுத்தானா இல்லையா என்பதுதான் புத்தகத்துக்கான மதிப்பெண். எடுக்காத புத்தகத்தை மறுவாரம் நூலகத்துக்கே திருப்பிவிடுவோம், வருத்தப்படுவதில்லை.

மூன்றாம் நாள் கேள்விகளில்தான் நிறையப் பேர் சறுக்குவோம். “இது என்ன?” என்பது கேள்வி அல்ல, தேர்வு. ஒரு வாசிப்பில் அது இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். “இங்க என்ன நடக்குது?”, “இவன் ஏன் இப்படி நிக்கிறான்?”, “நீயா இருந்தா என்ன செய்வே?” இப்படிக் கேட்டுவிட்டு மனத்துக்குள் ஏழுவரை எண்ணுங்கள். ஏழு என்பது எவ்வளவு நீளம் என்று எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். நான் இரண்டிலேயே பதிலையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். பிள்ளை “டாக் ரன்னிங்” என்று சொன்னால் அங்கேதான் பெரிய பள்ளம். “தமிழ்ல சொல்லு” என்ற ஒரு வாக்கியத்தை எட்டு மாதமாகச் சொல்லித்தான் நான் அவன் வாயை அடைத்தேன். அவன் கதையைப் பற்றி ஏதோ சொல்ல வந்தான், நான் அதை மொழித் தேர்வாக மாற்றிவிட்டேன். அதற்குப் பதில், “ஆமா, நாய் ஓடுது! யாரைப் பாத்து ஓடுது?” என்று அவன் சொன்னதை ஏற்றுக்கொண்டு, தமிழில் திருப்பிச் சொல்லி, ஒரு சொல் கூட்டி, அடுத்த கேள்வியைக் கேளுங்கள். ‘ஓடுது’ என்ற சொல் அவன் காதில் விழுந்தாயிற்று. நான்காம் நாள் அவன் வாயிலிருந்து அதே சொல் வரும். வராவிட்டால் அடுத்த வாரம் வரும். எங்கள் வீட்டில் மூன்றாவது வாரத்தில் வந்தது.

அடுத்தது தமிழுக்கே உரிய தலைவலி. நாம் “வந்துட்டான்” என்று பேசுகிறோம், புத்தகம் “வந்துவிட்டான்” என்கிறது. பிள்ளைக்கு இது இரண்டு மொழி. சிலர் புத்தகத்தையே பேச்சுத்தமிழில் மாற்றி வாசிப்பார்கள், அப்போது அச்சில் இருப்பதும் காதில் கேட்பதும் பொருந்தாது, எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது குழம்பும். சிலர் படத்தைப் பற்றிப் பேசும்போதும் மேடைத்தமிழில் பேசுவார்கள், அப்போது பிள்ளை பேசவே வராது. எங்கள் விதி ஒன்றே ஒன்று: குச்சி எழுத்தின் மேல் இருந்தால் புத்தகத் தமிழ், குச்சி மேசையில் இருந்தால் வீட்டுத் தமிழ். ஐஸ்கிரீம் குச்சி ஒன்று போதும். அவனே இரண்டு வாரத்தில் புரிந்துகொண்டு, நான் மறந்து மாற்றிப் பேசினால் “அம்மா, குச்சி!” என்று கண்டிக்க ஆரம்பித்துவிட்டான்.

எழுத்துக்கு வருவோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. இதை முடித்துவிட்டுத்தான் புத்தகம் என்று உட்கார்ந்தால் பிள்ளைக்கு வயது ஏழாகிவிடும். மெய்யும் குறியும்தான் அடிப்படை. குறி ஒன்று தெரிந்தால் பதினெட்டு எழுத்தும் சேர்ந்து திறந்துகொள்ளும். புத்தகத்தில் வரும் குறியை அந்த வாரம் பிடித்துக்கொள்ளுங்கள். துணைக்கால், கொக்கிகள் எளிது. கொம்பில்தான் சிக்கல். ‘கே’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. விரலை இடமிருந்து வலம் நகர்த்திப் பழகிய பிள்ளை முதலில் கொம்பைத் தொட்டு ‘ஏ’ என்றும் பிறகு ‘க’ என்றும் படிப்பான். ‘கோ’வில் முன்னும் பின்னும் இரண்டு துண்டு. இதற்கு விரல் உதவாது, சன்னல் அட்டைதான் உதவும். பழைய தானியப் பெட்டியில் உள்ளங்கை அளவு அட்டை வெட்டி, நடுவில் இரண்டு சென்டிமீட்டர் அகலம், ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஓட்டை போடுங்கள். அதில் கொம்பும் மெய்யும் காலும் முழுசாக ஒரே எழுத்தாகத் தெரியும். எழுத்தெழுத்தாக நகர்த்திவிட்டு, அட்டையை எடுத்துவிட்டு முழுச் சொல்லையும் ஒருமுறை. ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் இதைச் செய்யாதீர்கள், அதற்குமேல் போனால் கதை மறந்து பயிற்சி மட்டும் மிஞ்சும். ‘க’வை ‘மகன்’ என்பதில் ஒரு மாதிரியும் ‘பக்கம்’ என்பதில் ஒரு மாதிரியும் ஒலிப்பதற்கு விதி சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். இரண்டாம் நாள் வாசிப்பில் காது அதைப் பிடித்துவிடும்.

கதை சொல்லும் கைவேலைகளில் நான் அதிகம் பணம் விரயம் செய்தது தேவையற்ற பொம்மைகளில். உண்மையில் உழைக்கிறவை இரண்டுதான்.

முதலாவது காகித நாடகம். ஜப்பானில் காமிஷிபாய் என்பார்கள். 1930களில் மிட்டாய் விற்பவர்கள் சைக்கிளில் ஒரு மரச்சட்டத்தை வைத்து, படத்தாள்களை ஒவ்வொன்றாக உருவிக் கதை சொன்னார்கள். அங்கே ஒரு கதைக்குப் பன்னிரண்டோ பதினாறோ தாள். வீட்டில் எட்டு போதும், ஐந்து வயதுக்கு ஆறு. ஏ4 தாளைப் படுக்கையாக வைத்துக்கொண்டால் 29.7 சென்டிமீட்டர் அகலம், 21 உயரம். தாள் நழுவி விழாமல் இருக்க, பெட்டியின் முகத்தில் வெட்டும் சன்னல் 28க்கு 19.5 இருக்க வேண்டும். பெட்டியின் ஆழம் நான்கு சென்டிமீட்டர், ஒரு பக்கச் சுவர் முழுக்கத் திறப்பு, அந்த வழியாகத்தான் தாளை உருவுவோம். முதுகுப் பக்கமும் திறந்தே இருக்கட்டும், கதை சொல்பவர் அந்த வழியாகத்தான் வாசிப்பார். சாதாரணத் தாள் வளையும், 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம்) அட்டையாக வாங்குங்கள். நான் சறுக்கியது எழுத்தில். ஒவ்வொரு படத்துக்கான வரியை அதே தாளின் முதுகில் எழுதினேன். கதை சொல்லும்போது பார்த்தால் பொருந்தவே இல்லை. காரணம் எளிது: முன்னால் முதல் படம் இருக்கும்போது நம் கண்ணுக்குத் தெரிவது கடைசித் தாளின் முதுகு. ஆகவே முதல் படத்தின் வரி கடைசித் தாளின் பின்புறம் போக வேண்டும். முதல் தாளை உருவிக் கடைசியில் சொருகியதும் நமக்குத் தெரிவது அதன் முதுகு, முன்னால் நிற்பதோ இரண்டாம் படம். ஆகவே இரண்டாம் படத்தின் வரி முதல் தாளின் பின்புறம், மூன்றாவதன் வரி இரண்டாவதன் பின்புறம், இப்படியே. எட்டுத் தாளையும் மறுபடி எழுத ஒரு மாலை போனது. இன்னொன்று, தாளைச் சட்டென்று உருவாதீர்கள். பாதி உருவி நிறுத்துங்கள். அடுத்த படத்தின் ஓரம், ஒரு வாலோ காலோ, எட்டிப் பார்க்கும், “யாரு வர்றா?” என்று கேட்காமலே பிள்ளை பேசுவான்.

வரிசை மாற்றி அடுக்குவதும் இந்தத் தாள்களிலேயே நடக்கும். நான்கு தாளைக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்லுங்கள், பிறகு ஆறு. அவன் வேறு வரிசையில் அடுக்கினால் திருத்தாதீர்கள், அந்த வரிசைப்படியே சொல்லச் சொல்லுங்கள். சில சமயம் மூலக் கதையைவிட அது நன்றாக இருக்கும். ‘அப்புறம்’, ‘அதனால’, ‘ஆனா’, ‘அதுக்குள்ள’ ஆகிய நான்கு சொற்களையும் நான்கு சிறு சீட்டில் எழுதித் தாள்களுக்கு நடுவில் வைப்போம். எல்லாக் கதையையும் “அப்புறம், அப்புறம்” என்று ஓட்டிக்கொண்டிருந்தவன் ‘அதனால’வுக்கு மாறியது இந்தச் சீட்டால்தான்.

இரண்டாவது நிழல். தோல்பாவைக் கூத்தின் வீட்டு வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேக் செய்யும் தாளைப் படச்சட்டத்தில் இழுத்து ஒட்டினால் திரை, தானியப் பெட்டி அட்டையில் வெட்டிய உருவங்கள், கைப்பிடிக்கு ஐஸ்கிரீம் குச்சி. விளக்கில்தான் எல்லாம் கெடும். மேசை விளக்கை வைத்தால் ஒளி பெரிய பரப்பிலிருந்து வருவதால் நிழல் மங்கிப் பரவும். கைப்பேசியின் பின்பக்க விளக்கு சிறிய புள்ளி, நிழல் கூர்மையாக விழும். விளக்கு திரைக்குப் பின்னால் ஒரு மீட்டர் தள்ளி, உருவம் திரையை ஒட்டி. உருவத்தை விளக்கை நோக்கி நகர்த்தினால் நிழல் பூதமாகும், அது பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும், கதையில் பூதம் இல்லாவிட்டாலும் வந்துவிடும். மெழுகுவத்தி வேண்டாம், கேக் தாளும் அட்டையும் பக்கத்தில் இருக்கின்றன.

நூலகத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது, ஏனென்றால் 870 வெள்ளிக்கான மாற்று எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளித்தான் இருந்தது. தேசிய நூலக வாரியத்தின் கிளைகளில் தமிழ்ச் சிறுவர் நூல்கள் இருக்கின்றன, இரவல் காலம் 21 நாள். வாரத்துக்கு ஒன்று என்ற எங்கள் கணக்குக்கு மூன்று புத்தகம் சரியாகப் பொருந்தும். நான்காவதாகப் படம் மட்டும் உள்ள, எழுத்தே இல்லாத புத்தகம் ஒன்று எடுப்போம், அதற்கு மொழியே கிடையாது என்பதால் ஆங்கில, சீன அலமாரியிலிருந்தும் எடுத்துத் தமிழில் சொல்லலாம். இது எனக்கு மிகத் தாமதமாகத் தோன்றியது. தமிழ் அலமாரியில் புத்தகம் குறைவு என்று புலம்பிக்கொண்டிருந்தவள், அடுத்த அலமாரியில் எழுத்தில்லாப் புத்தகங்கள் வரிசையாக நிற்பதைக் கவனிக்கவில்லை. ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறையில் சிறுவர் பகுதி அலமாரிகளில் புத்தகம் காலியாகிவிடும், வீட்டுக்கல்விப் பிள்ளைக்கு இருக்கும் ஒரே வசதி வாரநாள் காலை, அதைப் பயன்படுத்துங்கள்.

வாங்கிய புத்தகத்தைக் காப்பது தனிப் போராட்டம். இங்கே ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் நெருக்கியடித்து வைத்த என் புத்தகங்களில் பதினொன்று, டிசம்பர் மழையில் முதுகெல்லாம் வெண்பூசணம் பூத்துவிட்டன. அலமாரிக்கும் சுவருக்கும் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள், புத்தகங்களை இறுக்காதீர்கள், நெகிழித் தாளில் சுற்றி வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கும். பூசணம் பிடித்ததை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், முகக்கவசம் போட்டுக்கொண்டு, உலர்ந்த துணியால் துடையுங்கள். ஈரத்துணி பட்டால் கறை உள்ளே இறங்கும். லேமினேட் செய்யும்போது தாளைச் சுற்றி மூன்று மில்லிமீட்டர் ஓரம் விட்டு வெட்ட வேண்டும். நான் அழகுக்காகத் தாள் விளிம்போடு வெட்டினேன், ஓரம் வழியாகக் காற்றும் ஈரமும் புகுந்து இரண்டே மாதத்தில் உரிந்துகொண்டு வந்தது. மசி அச்சுப்பொறியில் எடுத்த தாளை ஓர் இரவு உலரவிட்டுச் செய்யுங்கள்.

அமைச்சுக்குக் காட்டுவதற்கென்று நான் முதலில் வைத்திருந்த பதிவேட்டில் ‘படித்த புத்தகங்கள்: 143’ என்றிருந்தது. அதைப் பார்த்து நானே ஏமாந்தேன். இப்போது நான்காம் நாள் அவன் சொல்லும் கதையைக் கைப்பேசியில் பதிவுசெய்து தேதியைப் பெயராக வைக்கிறேன். இரண்டு நிமிடப் பதிவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழையதையும் புதியதையும் அடுத்தடுத்துக் கேட்டால் எது வளர்ந்தது, எது நிற்கிறது என்று காதுக்கே தெரியும். மார்ச் மாதப் பதிவில் பதினொரு தமிழ்ச் சொல், மீதி ஆங்கிலம். ஜூன் பதிவில் எண்ணி முடியாமல் விட்டுவிட்டேன், ஆனால் ‘ழ’ இன்னும் ‘ள’தான்.

சனிக்கிழமை மாலை ஊரில் இருக்கும் பாட்டிக்குக் காணொளி அழைப்பில் காகித நாடகம் நடக்கிறது. இதிலும் ஒரு சிக்கல் வந்தது. முன்பக்கக் கேமராவில் நம் திரையில் எழுத்து கண்ணாடியில்போல இடம் வலமாக மாறித் தெரிவதால் அவன் குழம்பித் தாளைத் திருப்பித் திருப்பிப் பிடித்தான், பாட்டிக்கு அது சரியாகத்தான் தெரிந்தது. பின்பக்கக் கேமராவுக்கு மாற்றி, கைப்பேசியை இரண்டு டப்பாவுக்கு நடுவில் சொருகி, சன்னலுக்கு எதிரில் இல்லாமல் பக்கவாட்டில் பெட்டியை வைத்தால் படம் பளபளக்காமல் தெரியும். பாட்டிக்கு வாசிக்க வராது. பாதி உருவிய தாளில் வாலைப் பார்த்து “ஏண்டா கண்ணு, அது நரியா?” என்று அங்கிருந்து கேட்கிறார். இவன் ஏழுவரை எண்ணிவிட்டுத்தான் பதில் சொல்கிறான்.